காணாமற்போன நஞ்சு

கைக்குள் அடங்கும் ஒரு சிறு போத்தல். நீல நிற மூடி. மேலே ஒட்டப்பட்ட வெள்ளைத் தாளில் என் தாயாரின் பெயர், வயது 74, கட்டில் இலக்கம். 2023ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஒருநாள் காலை எட்டு மணியளவில் அந்தப் போத்தல் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அதைக் கொண்டுபோய் ஓர் ஆய்வுகூடத்திற் சேர்ப்பிப்பதே எனக்கிடப்பட்ட பணி. பத்தொன்பது வருடங்களாக உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்து வரும் ஒருவனுக்கு இதனினும் இலகுவான பணி வேறில்லை என்றே எவரும் நினைப்பர். நானும் அவ்வாறே நினைத்தேன். நினைத்துத் தவறினேன்.

போத்தலுக்குள் இருந்தது மலம். வீட்டாரெல்லாம் கூடியிருந்து காலைத் தேநீருடன் பத்திரிகை படிக்கும் வேளையில் இச்சொல்லை எழுத நேர்ந்தமைக்கு வாசகர்கள் பொறுத்தருள்க. நான் சொல்லப் புகுந்த விஷயமே அதுவாதலின் அதை விலக்க இயலவில்லை.

அதற்கு மூன்று கிழமைகளுக்கு முன் அம்மாவுக்கு ஒரு கடைவாய்ப் பல் பிடுங்கப்பட்டது. தாடை வீங்கியிருந்தபடியால் பல் வைத்தியர் ஐந்து நாளைக்குக் குளிசை எழுதிக் கொடுத்தார். கிளின்டமைசின் என்பது அதன் பெயர். ஐந்து நாளில் வீக்கம் வற்றிவிட்டது. ஆனால் நோ முற்றாகத் தீரவில்லை. மறுபடியும் வைத்தியரிடம் போய் வரிசையில் இருக்க அம்மாவுக்கு மனமில்லை. கூட்டிக்கொண்டு போக எனக்கு நேரமில்லை. பழைய சீட்டையே மருந்துக்கடையில் நீட்டி இன்னும் ஐந்து நாளைக்கு வாங்கி வந்தேன். சீட்டிலிருந்த திகதியைக் கடைக்காரர் பார்த்தாரில்லை; நானும் எடுத்துச் சொன்னேனில்லை. இது முதலாவது தவறு. இதைப்பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. நம்மூரில் இதைச் செய்யாத வீடு அரிது.

அந்த இரண்டாவது ஐந்து நாள் முடிவதற்குள் அம்மாவுக்கு வயிற்றோட்டம் கண்டது. முதலில் நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மாதுளங்கோது அவித்துக் கொடுத்தோம். ஓமம் வறுத்துப் போட்ட தண்ணீர் கொடுத்தோம். அயல்வீட்டு ஆச்சி வந்து பார்த்து, "சூடு பிடிச்சிருக்கு" என்றார். மூன்றாம் நாள் பத்துத் தடவைக்கு மேலே போயிற்று. வயிறு வலித்தது, காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. கிணற்றடிக்குத் தனியே போய்வரும் அம்மா படுக்கையிலிருந்து எழும்ப என் கையைப் பிடித்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

வைத்தியசாலையில் எங்களைப் பார்த்தவர் ஓர் இளம் பெண் வைத்தியர். வயிற்றைத் தொட்டுப் பார்க்குமுன் அவர் கேட்ட கேள்வி இது: "ஐயா, அம்மா கிட்டடியிலை ஏதாவது அன்ரிபயோட்டிக் எடுத்தவவோ?" நான் குளிசையின் பெயரைச் சொன்னேன். எத்தனை நாள் என்றார். பத்து நாள் என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுதத் தொடங்கினார்.

நமது பெருங்குடலிலே எண்ணற்ற பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன என்பதும், அவை பெரும்பாலும் நமக்கு நன்மையே செய்கின்றன என்பதும் மாணவர் அறிந்தவை. பல்லிலுள்ள கிருமியைக் கொல்ல உண்ட மருந்து குடலிலுள்ள நல்ல குடிகளையும் சேர்த்தே கொன்றுவிடுகின்றது. வயல் வெறுமையானதும் கோரை முளைப்பதுபோல, அந்த வெற்றிடத்திலே ஒரு கிருமி தலையெடுக்கின்றது. அதன் பெயர் குளொஸ்திரிடியம் டிபிசீல். 2016ஆம் ஆண்டு தொடக்கம் அதன் முற்பெயரைச் சற்றே மாற்றிக் குளொஸ்திரிடியோயிடெஸ் என்று வழங்குகின்றார்கள். எங்கள் காரியத்துக்கு டிபிசீல் என்பதே போதும். இந்தக் கிருமி வெறுமனே இருப்பதனால் நோய் உண்டாவதில்லை. அது சுரக்கும் நஞ்சே குடலின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றது. ஆகவே வைத்தியர் தேடச் சொன்னது கிருமியை அன்று, நஞ்சை. அதைக் காட்டித் தரும் பரிசோதனை அந்த வைத்தியசாலையில் அப்போது இல்லாதபடியால், நகரத்தின் மறுகோடியிலிருந்த தனியார் ஆய்வுகூடம் ஒன்றுக்குப் போத்தலைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. "உடனை குடுங்கோ. ஐஸிலை வைச்சுக்கொண்டு போனால் நல்லது" என்று தாதி சொன்னார்.

வழியிலே எங்கள் கல்லூரி. அன்று தவணைப் பரீட்சை. என் பாடத்து வினாத்தாள்கள் என் மேசை லாச்சிக்குள் இருந்தன. பத்து நிமிடத்தில் கொடுத்துவிட்டு வரலாம் என்று உள்ளே போனேன். மேற்பார்வைக்கு வரவேண்டிய ஆசிரியர் ஒருவர் வரவில்லை. அதிபர் என் முகத்தைப் பார்த்தார். மண்டபத்தில் நின்றேன். போத்தல் மோட்டார் சைக்கிளின் பக்கப் பெட்டிக்குள். மோட்டார் சைக்கிள் வைகாசி வெயிலுக்குள்.

போத்தலின் நினைவு இடையிடையே வராமலில்லை. வந்தபோதெல்லாம் நான் ஒரு நியாயம் சொல்லி மனத்தைத் தேற்றினேன். அந்த நியாயத்தை இங்கே எழுதுவது அவசியம். ஏனெனில் அது மூடனுடைய நியாயம் அன்று, படித்தவனுடைய நியாயம். சூட்டிலே கிருமிகள் பெருகும். பெருகினால் இருப்பதைக் கண்டுபிடிப்பது இன்னும் இலகு. ஆகவே தாமதத்தினால் குறைவு ஏதும் நேராது. பாலையும் சோற்றையும் பற்றிக் கரும்பலகையில் நான் எழுதிய பாடம் அது. மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஆய்வுகூடத்திற் போத்தலைக் கொடுத்தேன். "எப்ப எடுத்தது, சேர்?" என்று அங்கிருந்த பிள்ளை கேட்டாள். "காலமை" என்றேன். அது பொய்யன்று. அவள் அதையே எழுதிக்கொண்டாள்.

அடுத்த நாள் மாலை சீட்டு வந்தது. நச்சு ஏ: காணப்படவில்லை. நச்சு பி: காணப்படவில்லை. ரொறன்ரோவிலிருக்கும் தம்பிக்குத் தொலைபேசியிற் சொன்னேன். அவன் கடவுளுக்கு நன்றி சொன்னான். உரிய மருந்தைத் தொடங்குவதா என்று ஆலோசித்துக் கொண்டிருந்த வைத்தியர்கள் சீட்டைக் கண்டு பொறுத்தார்கள். வேறு காரணங்களைத் தேடினார்கள். இரண்டு நாட்கள் அவ்வாறு கழிந்தன. இரண்டாம் நாள் இரவு அம்மாவின் வயிறு மேளம்போல் உப்பிற்று. குருதியில் வெண்கலங்களின் தொகை ஏறிவிட்டது என்றார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. நெற்றியிலிருந்த திருநீறு வியர்வையிற் கரைந்து வழிந்தது; துடைப்பதற்கு அவரால் கையைத் தூக்க முடியவில்லை.

மூன்றாம் நாட் காலை அந்த இளம் வைத்தியர் மறுபடி வந்தார். சீட்டைப் பார்த்தார்; அம்மாவைப் பார்த்தார்; பிறகு என்னிடம் கேட்டார்: "ஐயா, போத்தலை எத்தினை மணிக்குக் குடுத்தனீங்கள்? எதுக்குள்ளை வைச்சுக் கொண்டு போனனீங்கள்?" நான் உள்ளதைச் சொன்னேன். ஐந்து மணி நேரத்துக்கு மேல் என்றும், வெயில் என்றும் சொன்னேன். அவர் கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கோபிக்கவில்லை. அப்பொழுதே மருந்தைத் தொடங்கச் சொல்லிவிட்டு, புதிய போத்தல் ஒன்றை எடுத்துத் தந்தார்.

இரண்டாவது போத்தல், மீன் வாங்கப் போகும் றெஜிபோம் பெட்டியில் ஐஸ்கட்டிகளுக்கு நடுவே, இருபத்தைந்து நிமிடத்தில் ஆய்வுகூடம் போய்ச் சேர்ந்தது. அன்றிரவே விடை வந்தது. நச்சு பி: உண்டு.

வன்கோமைசின் என்ற மருந்தை அம்மாவுக்கு வாய்வழியாகக் கொடுத்தார்கள். பத்து நாள். நான் கட்டிலின் அருகே இருந்தேன். செய்வதற்கு வேறொன்றும் இல்லாதபடியால், தொலைபேசியிலும், பின்னர் நூலகத்திலும், அந்த முதலாவது சீட்டு ஏன் "இல்லை" என்றது என்பதைத் தேடிப் படிக்கலானேன். குற்றமுள்ளவன் சட்டம் படிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம்.

நஞ்சைக் கண்டுபிடிப்பது பிறபொருளெதிரி. நமது பாடநூல்களில் இந்தச் சொல் உண்டு. மாணவர் அதை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதிவிடுவர். உடலுக்குள் அந்நியமான பொருள் ஒன்று புகுந்தால் அதனைப் பற்றிப் பிடிப்பதற்கென்றே உடல் ஆக்கும் புரதம் அது. 1890ஆம் ஆண்டில் பேர்லினிலே பேரிங் என்ற ஜெர்மானியரும் கிற்றசாற்றோ என்ற யப்பானியரும், ஏர்ப்புவலிக் கிருமிக்கு எதிராகப் பழக்கப்பட்ட முயலின் குருதிநீர் மற்றொரு விலங்கை அந்த நஞ்சிலிருந்து காப்பாற்றுவதைக் காட்டினார்கள். அன்று அது மருந்து. அதே பொருள் பின்னர் கண்ணாகவும் பயன்பட்டது: ஒரு நஞ்சைப் பற்றுவது எதுவோ, அது அந்த நஞ்சு இருக்கின்றதா என்று சொல்லவும் வல்லது.

டிபிசீல் கிருமியின் கதையே பிறபொருளெதிரி ஒன்றினால் துப்புத் துலங்கிய கதைதான். இந்தக் கிருமியை 1935ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹோல், ஓட்டூல் என்ற இருவர் முதன்முதலில் விவரித்தார்கள். எங்கே கண்டார்கள் தெரியுமா? நோயாளரிடம் அல்ல, பிறந்து சில நாட்களேயான ஆரோக்கியமான குழந்தைகளின் மலத்தில். வளர்த்தெடுப்பது கடினமாக இருந்தமையால் இலத்தீன் மொழியிற் கடினம் என்று பொருள்படும் பெயரை இட்டார்கள். அதன் நஞ்சு ஆய்வுகூட விலங்குகளைக் கொல்லும் என்றும் கண்டார்கள். ஆனால் குழந்தைகளோ சுகமாக இருந்தன. ஆகவே நாற்பது வருடங்களாக அந்தக் கிருமியை எவரும் பொருட்படுத்தவில்லை.

1974ஆம் ஆண்டில் சென்ற் லூயிஸ் நகர வைத்தியர்கள், கிளின்டமைசின் கொடுக்கப்பட்ட 200 நோயாளரைத் தொடர்ந்து பார்த்து, 21 வீதமானோருக்கு வயிற்றோட்டமும் 10 வீதமானோருக்குக் குடற்சுவரில் மஞ்சட்படலம் படியும் கொடிய அழற்சியும் உண்டானதாக அறிவித்தார்கள். என் தாயார் உண்ட அதே குளிசை. மருந்தே நஞ்சாயிற்றோ என்று பலர் ஐயுற்றனர். 1977ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆய்வாளர் இந்த நோயாளரின் மலத்தை வடித்தெடுத்து, கண்ணாடித் தட்டிலே வளரும் கலங்களின் மேல் இட்டுப் பார்த்தார்கள். விரித்த பாய்போலப் பரந்து கிடந்த கலங்கள் சுருண்டு உருண்டையாயின. நஞ்சு இருப்பது உறுதி. யாருடைய நஞ்சு?

ஆய்வுகூடங்களின் குளிர்சாதனப் பெட்டிகளில் வேறு கிருமிகளின் நஞ்சுகளுக்கு எதிரான குருதிநீர்கள் சேமித்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தபோது, குளொஸ்திரிடியம் சோர்டெல்லி என்ற கிருமிக்கெதிரான குருதிநீர் நஞ்சைச் செயலற்றதாக்கிவிட்டது. கலங்கள் சுருளவில்லை. கள்வன் அகப்பட்டான் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் நோயாளரிடத்தில் சோர்டெல்லியைத் தேடினால் அது இல்லை. திரும்பத் திரும்பக் கிடைத்தது அந்தக் குழந்தைகளின் கிருமி, டிபிசீல். பொஸ்ரனில் பாட்லெற் என்பவரின் குழுவினர் ஹம்ஸ்ரர் என்னும் சிற்றெலி போன்ற விலங்குகளிலும் பின்னர் நோயாளரிலும் ஆராய்ந்து, 1978ஆம் ஆண்டில் உண்மையை நிலைநாட்டினர். இரு கிருமிகளின் நஞ்சுகளும் நெருங்கிய உறவினர், முகச்சாயல் ஒன்று. ஒன்றைப் பிடிக்க ஆக்கிய பிறபொருளெதிரி மற்றொன்றையும் பிடித்துவிட்டது. தம்பியின் படத்தை வைத்துத் தேடி அண்ணனைப் பிடித்த கதை. அந்த முகச்சாயல் மட்டும் இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை வருடங்கள் சென்றிருக்குமோ!

இங்கே எனக்கு ஒன்று உறைத்தது. பிறபொருளெதிரி ஒரு நஞ்சின் முழு உருவத்தையும் அறிவதில்லை. நச்சு ஏ என்பது 2,710 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. நச்சு பி 2,366. அத்துணைப் பெரிய மூலக்கூறில் ஒரு சிறு மூலையையே பிறபொருளெதிரி தொட்டறிகின்றது. யானையைத் தடவிய குருடர் கதையில் ஒரு குருடனை மாத்திரம் எடுத்துக்கொண்டால் போதும். அவன் வாலை அறிவான். வாலை மிக நன்றாக அறிவான். வாலைத் தவிர வேறொன்றும் அறியான்.

முன்னெல்லாம் ஒரு விலங்கின் குருதிநீரில் பலவகைப் பிறபொருளெதிரிகள் கலந்தே கிடைத்தன. 1975ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜிலே கோலர், மில்ஸ்ரைன் என்ற இருவர், சுண்டெலியின் பிறபொருளெதிரி ஆக்கும் கலத்தைப் புற்றுநோய்க் கலம் ஒன்றுடன் இணைத்து, சாவில்லாமற் பெருகிக்கொண்டு ஒரேவகைப் பிறபொருளெதிரியையே இடையறாது ஆக்கும் கலத்தைப் படைத்தனர். 1984ஆம் ஆண்டில் நொபெல் பரிசில் அவர்களுக்கும் பங்கு கிடைத்தது. டிபிசீல் நஞ்சுக்கு எதிராகவும் அத்தகைய பிறபொருளெதிரிகள் ஆக்கப்பட்டன. நஞ்சை அப்படியே எலிக்கு ஏற்றினால் எலி இறந்துவிடும்; ஆகவே போமலினில் ஊறவைத்துக் கொடுமையைப் போக்கி, உருவத்தை மட்டும் காத்து ஏற்றுகிறார்கள். பல்லைப் பிடுங்கிய பாம்பைக் காட்டிப் பிள்ளைகளைப் பழக்குவதுபோல.

பரிசோதனை நடக்கும் விதம் எளிது, பார்ப்பதற்கு அழகானது. சிறு குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்ரிக் தட்டு. குழியின் அடியில் ஒரு பிறபொருளெதிரி ஒட்டப்பட்டிருக்கும். மலக் கரைசலை இட்டால், நஞ்சு இருப்பின் அது பற்றிக்கொள்ளும். ஏனையவற்றைக் கழுவி ஊற்றிவிடுவார்கள். பிறகு இரண்டாவது பிறபொருளெதிரியை இடுவார்கள். இதன் முதுகிலே ஒரு நொதியம் ஏற்றப்பட்டிருக்கும். கீழுள்ளவன் காலைப் பிடிக்க, மேலே வருபவன் தோளைப் பிடிக்க, நஞ்சு நடுவில் நிற்கும். மறுபடி கழுவி, நிறமற்ற ஒரு நீரை விட்டால் நொதியம் அதை நிறமாக்கும். நஞ்சு இல்லாவிடில் இரண்டாமவனுக்குப் பிடிக்க ஒன்றுமில்லை, கழுவும்போது போய்விடுவான், நிறம் வராது. நொதியத்தை இவ்வாறு அடையாளமாக ஏற்றும் முறையை 1971ஆம் ஆண்டில் சுவீடனில் எங்வால், பேல்மன் என்போரும், அதே காலத்தில் ஒல்லாந்தர் சிலரும் வெளியிட்டனர். இவ்வளவு திறமையான முறை எங்கே பிழைத்தது என்று பார்த்தால், முறை பிழைக்கவில்லை. தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கே அது விடை சொன்னது.

இதற்குச் சரித்திரத்தில் வேடிக்கையான சாட்சி உண்டு. 1980களில் நச்சு ஏயைக் காட்டுமென்று சொல்லி ஒரு பரிசோதனை விற்கப்பட்டது. நுண்ணிய லேற்றெக்ஸ் மணிகளின் மேல் பிறபொருளெதிரி பூசப்பட்டிருக்கும். நஞ்சைக் கண்டால் மணிகள் திரளும். வேர்ஜீனியாவில் லையேர்லி, வில்கின்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1986ஆம் ஆண்டில் ஆராய்ந்து பார்த்து, அது நச்சு ஏயைக் காட்டவேயில்லை என்று எழுதினார்கள். மணிகள் திரண்டது வேறொரு புரதத்தைக் கண்டு. அந்தப் புரதம் குளூற்றமேற்று டீஹைதரசனேசு என்னும் நொதியம் என்று 1991ஆம் ஆண்டிலே துணிந்தனர். அது டிபிசீல் கிருமியின் சாதாரண உடற்பொருள். நஞ்சு சுரக்கும் வகையிலும் சுரவா வகையிலும் உண்டு. வைத்தியர்கள் நஞ்சைக் கண்டதாக நம்பிய இடத்தில் கண்டது கிருமியை மாத்திரமே. எனினும் அந்தப் பிழை வீண்போகவில்லை. இன்று பல ஆய்வுகூடங்கள் அதே நொதியத்தை அறிந்தே முதலிற் தேடுகின்றன. அது இருந்தால் மாத்திரம் நஞ்சைத் தேடுகின்றன.

இன்னொன்று. நீண்ட காலம் நச்சு ஏயே முதன்மையானது என்று கருதப்பட்டமையால் அதை மட்டும் தேடும் பரிசோதனைகளே பல இடங்களிற் புழங்கின. நச்சு பியை மாத்திரம் சுரக்கும் கிருமி வகைகள் சில உண்டு. 1990களின் இறுதியில் கனடாவிலே ஒரு பெரிய வைத்தியசாலையில் அத்தகைய வகை பரவியது. ஏயைத் தேடிய பிறபொருளெதிரிக்கு அது கண்ணிற்படவில்லை. நோயாளர் வருந்திக்கொண்டிருக்கச் சீட்டுகள் "இல்லை" என்றன. இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் இரண்டாவது சீட்டு நினைவுக்கு வந்தது. அதிலும் "உண்டு" என்று எழுதியிருந்தது பிக்கு எதிரே மாத்திரமே.

அப்படியானால் நஞ்சின் பரம்பரையலகைத் தேடும் புதிய முறைகள் இருக்க, பிறபொருளெதிரியை ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. பரம்பரையலகைக் காணும் பரிசோதனை மிகக் கூர்மையானதுதான். ஆனால் அது சொல்வது நஞ்சை ஆக்கும் வல்லமை அங்கே உண்டு என்பதை. நஞ்சு ஆக்கப்பட்டது என்பதை அன்று. இங்கிலாந்திலே 12,420 மல மாதிரிகளை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், மலத்தில் நஞ்சே காணப்பட்டோரிடையே மரணம் மிகுதியாயிருந்தது. கிருமி மட்டும் இருந்து நஞ்சு காணப்படாதோரிடம் அந்த மிகுதி இல்லை. அந்த 1935ஆம் ஆண்டுக் குழந்தைகளை நினைத்துக்கொள்க. வீட்டில் கத்தி இருப்பதும் கத்தியால் வெட்டுவதும் ஒன்றல்ல.

இனி என் போத்தலுக்கு வருகின்றேன். கிருமியைப் பற்றி நான் சொல்லிக்கொண்ட நியாயம் கிருமியளவிலும் முழுச்சரியல்ல. டிபிசீல் ஒட்சிசன் படும் இடத்தில் வளராது. ஆயினும் அது வித்திகளாக மாறி வெயிலையும் வரட்சியையும் பொறுக்கும். மதுசாரம் பூசினாலும் வித்திகள் சாவதில்லை. சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவியே கையிலிருந்து அகற்ற வேண்டும். ஆகவே மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் கிருமி பத்திரமாகவே இருந்திருக்கும். நஞ்சின் விதி வேறு. அது புரதம். மலத்திலோ புரதத்தை அறுக்கும் நொதியங்கள் உண்டு. குளிரில் அவை அடங்கியிருக்கும். சூட்டில் வேலை செய்யும். சாதாரண அறைச் சூட்டிலேயே, மாதிரி எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் நஞ்சு காணமுடியாத அளவுக்குச் சிதைந்துவிடக்கூடும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நானோ வைகாசி வெயிலில் ஐந்தரை மணி நேரம் வைத்தேன். குழியின் அடியிலே காத்திருந்த பிறபொருளெதிரி காலைத் தேடிற்று, கால் இல்லை. தோளைத் தேடிற்று; தோள் இல்லை. அது "இல்லை" என்றது. போத்தலுக்குள் இல்லை என்பதே அதன் பொருள். என் தாயாரின் குடலுக்குள் இல்லை என்று வாசித்தவர்கள் நாங்கள்.

பாலும் சோறும் பழுதாகும் பாடத்தை நான் இப்பொழுதும் படிப்பிக்கின்றேன். சூட்டில் ஒன்று பெருகும்போது இன்னொன்று அழியும் என்ற வரியை அதன்பின் சேர்த்திருக்கின்றேன். அது பரீட்சைக்கு வராது.

நச்சு பியைப் பற்றும் பிறபொருளெதிரி ஒன்றையே நோய் திரும்பாதிருக்க நோயாளருக்கு ஊசிவழியாக ஏற்றும் வழியும் ஒரு காலத்திற் கைவந்தது. 2016ஆம் ஆண்டு அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. 2025ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. இந்த நோய் ஐந்தில் ஒருவருக்கேனும் திரும்பி வருவதாகச் சொல்வார்கள். அம்மாவுக்குத் திரும்பவில்லை. ஆனால் முன்பிருந்த உடம்பு இல்லை. கிணற்றடிக்குப் போகும் வழியில் இப்போது ஒருமுறை தூணைப் பிடித்து நின்றுதான் போகிறார். அந்த இரண்டு நாளும் கழியாதிருந்தால் நிற்கவேண்டி வந்திருக்குமோ, வராதோ, எவரும் சொல்லமாட்டார். நான் கேட்கவும் இல்லை.

ரொறன்ரோத் தம்பி சென்ற ஆண்டு வந்திருந்தபோது, கூடியிருந்த உறவினர் முன்னிலையில், "அண்ணை படிச்ச மனுசன், பக்கத்திலை நிண்டபடியால்தான் அம்மா தப்பினவ" என்றான். அம்மாவும், "ஓம் மோனை, அவன் ஐஸ்பெட்டியோடை ஓடின ஓட்டத்தை வாட்டிலை எல்லாரும் பாத்தவை" என்றார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். முதலாவது போத்தலைப் பற்றி அம்மாவுக்கு இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. அந்த வைத்தியரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அம்மா ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதற் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை ஓர் எழுத்தும் விடாமற் படிப்பவர். இந்தப் பக்கத்துக்கு அவர் வரும்போது பத்து மணியாகும். நான் குசினிக்குள் தேநீர் வைத்துக்கொண்டு நிற்பேன்.